தண்ணீர் கேட்டேன், மேடு கொடுத்தார்

போன புரட்டாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் கட்டில்மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தரையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். என் செருப்பு ஒன்று அறையின் நடுவில் மிதந்துகொண்டிருந்தது. இன்னொன்று எந்தப் பக்கம் போனது என்று தெரியவில்லை. சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாகப் பூஞ்சை ஏறியிருந்தது. இன்னும் நான்கு வாரத்தில் என் மகள் ஷைனி அந்த வீட்டுக்கு வந்து என்னோடு இருக்க வேண்டும். ஷைனிக்கு ஒன்பது வயது. அவளுக்கு இளைப்பு உண்டு. ஈரம் பட்டால் அவளுக்கு மூச்சு வாங்கும்.

அந்த வீட்டை எனக்கு யாரும் தலையில் கட்டவில்லை. நானே பார்த்து, நானே பிடித்து, அதற்கு முன்னால் முழங்காலில் நின்று ஜெபமும் பண்ணிவிட்டுத்தான் குடிபோனேன். அதுதான் எனக்குப் பெரிய வலி. ஜெபம் பண்ணாமல் போய் மாட்டியிருந்தால் என் புத்தியைச் செருப்பால் அடித்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். ஜெபம் பண்ணியும் இப்படியா என்று ஆண்டவரிடம் சண்டை பிடித்தேன். அந்தச் சண்டை எப்படி முடிந்தது என்று எழுதித் தரும்படி நம் போதகர் கேட்டார். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிற நேரத்தில், சபையார் எல்லாரும் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன்.

என்னை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் எஸ்தர். பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர். கணவர் சாமுவேல் விவசாயம் பார்க்கிறார். எங்கள் ஊர் கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்து, அது கல்லணைக்கு வந்து, புது ஆற்றில் ஓடி, வழியில் உள்ள ஊர் எல்லாம் எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருந்தால் எங்கள் வாய்க்காலுக்கு வரும். வருகிற அன்றைக்கு நம் கோயில் மணியை அடிப்போம். சபையார் மொத்தமும் வாய்க்கால் கரையில் போய் நிற்போம். போதகர் ஜெபம் பண்ணுவார், பிள்ளைகள் ஆமென் சொல்வதற்கு முன்னாலேயே தண்ணீரில் குதித்துவிடுவார்கள். சில வருஷம் மணி அடிக்காமலே போனதும் உண்டு. அதனால் தண்ணீர் என்றால் எங்களுக்கு ஆசீர்வாதம்தான், வேறு அர்த்தமே தெரியாது. வாசலில் தண்ணீர் ஓடுகிற வீடு எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கனவு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கல்யாணம் ஆன புதிதில் எனக்குத் தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கேயே குடிபோகலாம் என்று நானும் அவரும் வீடு தேடினோம். வீடு வாடகைக்கு என்று அட்டை தொங்கும். உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். டீச்சரா, ரொம்ப சந்தோஷம் என்பார்கள். பிறகு எந்த ஊர் என்று கேட்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால், அந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்பார்கள். எங்கள் தெருவின் பெயரைச் சொன்னதும் முகம் மாறிவிடும். எங்கள் தாத்தா காலத்தில் அந்தத் தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். இன்று எங்களுக்குச் சொந்த நிலம் உண்டு, படித்தவர்கள் உண்டு. ஆனாலும் தெரு அதே தெருதான். தம்பி குடிவருவதாகச் சொல்லியிருக்கிறான், மறந்தே போய்விட்டேன் என்பார்கள். அட்டை மறுநாளும் அங்கேயே தொங்கும். அப்படி ஏழு வீடு. கடைசியில் ஊரிலிருந்தே பஸ்ஸில் போய்வந்தேன். அந்த ஏழு வாசலும் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். எந்த வாசலில் என்ன கோலம் போட்டிருந்தார்கள் என்றுகூடச் சொல்வேன்.

கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு மொத்தமும் படுத்துவிட்டது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் கன்று வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், நான் பேராவூரணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் வியட்நாமுக்குப் போனவர். அவர் சொல்லித்தான் நானும் எழுதிப் போட்டேன். கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசினார்கள், பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். வேலை கிடைத்துவிட்டது. கான் தோ என்ற ஊர். மீகாங் என்று ஒரு பெரிய ஆறு, அதன் டெல்டாவில் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற ஒரு மையம். மகளையும் அழைத்து வரலாம், பக்கத்துப் பள்ளியில் அவளுக்கு இடம் வாங்கித் தருகிறோம் என்றார்கள்.

விமானத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரே ஒரு சந்தோஷம். இனிமேல் எவரும் என்னிடம் எந்தத் தெரு என்று கேட்க மாட்டார்கள். தெருவை நான் பார்த்துத் தேர்ந்தெடுப்பேன். இதைச் சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் வெட்கமாக இருந்தாலும் உள்ளது இதுதான்.

என் கணவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. கிளம்பும்போது ஒன்றுதான் சொன்னார். “வீடு காஞ்ச எடமா இருக்கணும் எஸ்தர். அது சரியா இருந்தாத்தான் பிள்ளைய கூட்டிட்டு வருவேன். இல்லன்னா நீ கெளம்பி வந்துடு, வேலை கெடக்கு.” தஞ்சாவூரில் ஷைனியைப் பார்க்கிற டாக்டரும் அதையே சொல்லியிருந்தார். அவள் காலாண்டுப் பரீட்சை எழுதி முடித்ததும் அக்டோபர் கடைசியில் இருவரும் வருவதாக ஏற்பாடு.

கான் தோவில் மையத்தின் அலுவலகத்தில் துயென் என்று ஒரு பெண். சின்ன வயசு, நல்ல ஆங்கிலம், எதற்கும் சிரித்த முகம். அவள் தன் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு மூன்று இடம் காட்டினாள்.

முதலாவது ஒரு உயரமான கட்டடம். வெளிநாட்டு ஆசிரியர்கள் அதிகம் இருக்கிற பகுதி. நான்காவது மாடி, கண்ணாடி ஜன்னல், கீழே காப்பிக் கடை. எனக்கு அங்கே மூச்சு முட்டியது. யாரும் யாரையும் பார்த்துத் தலைகூட அசைக்கவில்லை.

இரண்டாவது சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து. ஸ்கூட்டர் ஒன்று போனால் இன்னொன்று ஒதுங்கி நிற்க வேண்டும். பெரிய ரோட்டிலிருந்து அந்தச் சந்துக்கு ஏறித்தான் போக வேண்டும். மீன், பன்றிக் கறி, ஊதுபத்தி எல்லாம் கலந்து ஒரு வாடை. வீட்டுக்கு வீடு ஆட்கள் வாசலில் குட்டையான பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு அரிசிக் கடை. அதன் மாடியில் ஒரு அறை. கடைக்காரம்மா பெயர் லான். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கையெல்லாம் அரிசி மாவு. அறையைத் திறந்து காட்டினார்கள். பாதி அறைக்கு அரிசி மூட்டை அடுக்கியிருந்தது. அதை எடுத்துவிடுவோம் என்று துயென் மூலமாகச் சொன்னார்கள். நான் மூக்கைச் சுருக்கினேன். எலி வரும், தூசி வரும், சந்தைக்கூட்டம், என் பிள்ளை இந்தத் தெருவிலா வளர வேண்டும் என்று மனசுக்குள் ஓடியது. லான் அம்மா ஒரு கிளாஸில் குளிர்ந்த தேநீர் கொடுத்தார்கள். அவசரம் என்று சொல்லிக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மூன்றாவதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கு வெளிப்பக்கம் ஒரு கால்வாய். கரையில் தென்னை மரம். மரத்துக்குக் கீழே தனி வீடு, தரைத்தளம், நல்ல காற்று. வாசலிலிருந்து நாலு எட்டு வைத்தால் தண்ணீர். எங்கள் ஊர்தான், ஆனால் தண்ணீரோடு இருக்கிற எங்கள் ஊர்.

அன்றைக்குச் சாயங்காலம் ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, நீர் எனக்குத் தருகிற வீட்டு வாசலில் தண்ணீர் இருக்கட்டும், அதுவே அடையாளம் என்று கேட்டேன். மூன்றில் எதன் வாசலில் தண்ணீர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து கேட்ட அடையாளம் அது. கேள்வித்தாளை முன்னாலேயே பார்த்துவிட்டுப் பரீட்சை எழுத வருகிற பிள்ளையை நான் வகுப்பில் எழுப்பி நிறுத்திவிடுவேன். ஆனால் அன்று நான் பண்ணியது அதைத்தான்.

வீட்டின் படத்தை அனுப்பினேன். என் கணவர் கூப்பிட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, “தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?” கடைமடைக்காரர் வேறு என்ன கேட்பார். வாசலில் போய் நின்று பார்த்துவிட்டு, கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது, நம் வீடு தலைப்பக்கம்தான் இருக்கிறது என்று சொன்னேன். தலைமடை என்றதும் அவருக்கும் திருப்தி. குடிபோய்விட்டேன். மறுநாள் காலையில் பார்க்கிறேன், தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. புது ஊர், திசை குழம்பிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஒரு பக்கம்தான் ஓடும். இரண்டு பக்கமும் ஓடுகிற வாய்க்காலை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. கடல் ஏறும்போது அந்தத் தண்ணீர் உள்ளே வரும், கடல் இறங்கும்போது வெளியே போகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் எனக்குக் குறைவு, சொல்லிக்கொடுத்தே பழகிவிட்டேன்.

ஆடியும் ஆவணியும் நன்றாகவே போனது. புரட்டாசி அமாவாசையை ஒட்டிக் கடலும் ஏறியது, மேலே மழை பெய்து ஆற்றிலும் வெள்ளம் வந்தது. இரண்டும் சேர்ந்துகொண்டன. ஒரு நாள் சாயங்காலம் மையத்திலிருந்து திரும்பினால் வாசலைக் காணோம். கால்வாயும் வீடும் ஒன்றாகிவிட்டது. வீட்டுக்காரர் வந்து பார்த்தார். எனக்குச் செங்கல் எட்டு கொடுத்து, கட்டிலைத் தூக்கி வைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். வருஷா வருஷம் அப்படித்தானாம். தை வரைக்கும் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வந்து போகுமாம். அவருக்கு அது மழை, வெயில் மாதிரி ஒரு விஷயம். நான் செங்கலை அடுக்கிக் கட்டிலைத் தூக்கி வைத்தேன்.

தண்ணீர் வடிந்தாலும் ஈரம் வடியவில்லை. சுவர் காயவில்லை, மெத்தை காயவில்லை. எனக்கே இருமல் பிடித்துக்கொண்டது. துயெனிடம் முதலில் பார்த்த மாடி வீட்டைக் கேட்டேன். அது எப்போதோ போய்விட்டது, அந்தக் கட்டடத்திலேயே இடம் இல்லை என்றாள். வேறு நாலைந்து இடத்துக்கு அவளே போன் பண்ணிப் பார்த்தாள். ஒன்று தரைத்தளம், ஒன்று குழந்தை கூடாது, இன்னொன்று ஊரின் அந்தக் கடைசி. ஊரில் ஷைனிக்கு அந்த மாதம் இரண்டு தடவை நெபுலைசர் வைக்க வேண்டி வந்தது. போனில் அவள் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்கும். அம்மா, அங்க என் கட்டில் எது என்று கேட்பாள். நான் செங்கல்மேல் நிற்கிற கட்டிலைக் காட்டாமல், போனைத் தென்னை மரத்துப் பக்கம் திருப்பிவிடுவேன். என் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஒரே வார்த்தையில் வந்துவிடு என்பார். வந்தால் கன்று காய்க்கிற வரைக்கும் என்ன செய்வது என்று நினைத்தால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஞாயிறு மதியம் வந்தது. மறுபடியும் தண்ணீர் ஏறியிருந்தது. கோயிலுக்குப் போக முடியவில்லை. கட்டில்மேல் உட்கார்ந்து முதலில் நன்றாகச் சண்டை போட்டேன். நீரே காட்டின வீடு என்றேன். தண்ணீரை அடையாளமாகக் கேட்டேன், கொடுத்தீர், இப்போது பாரும் என்றேன். சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே காதில் விழுந்தது. அவர் காட்டவில்லை. நான் காட்டினேன், அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அழுகை வந்தது. வெகுநேரம் அழுதேன். அதன் பிறகு நான் செய்த ஜெபம் மிகவும் சின்னது. ஆண்டவரே, இந்தத் தடவை நான் எதுவும் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஒரு காய்ந்த இடம் வேண்டும். எங்கே என்றாலும் போகிறேன். அவ்வளவுதான் கேட்டேன். மனசு லேசாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்குச் சாப்பிட்டேன், அன்றைக்குத் தூங்கினேன்.

மறுநாள் காலை மையத்துக்குக் கிளம்பினேன். ரோட்டில் முழங்காலுக்குத் தண்ணீர். ஸ்கூட்டர் எல்லாம் நின்றுபோய்த் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் சுடிதாரை மடித்துக்கொண்டு, புதுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். வழக்கமாகப் போகிற வழியில் ஆழம் அதிகம் என்று கைகாட்டினார்கள். சந்தைப் பக்கமாகச் சுற்றிப் போனேன். ஓர் இடத்தில் தரை மேலே ஏறியது. நாலு எட்டு வைத்தேன், கால் காய்ந்த சிமெண்டில் பட்டது. நிமிர்ந்து பார்த்தால் அந்தச் சந்து.

லான் அம்மா கடை வாசலில் அரிசி அளந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் படியைக் கீழே வைத்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம் என்று பார்த்தேன். அதற்குள் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்கள். ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். ஒரு வாளியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து என் காலில் ஊற்றி, சேற்றைத் தன் கையாலேயே தேய்த்துக் கழுவினார்கள். நான் காலை இழுத்துக்கொண்டேன். விடவில்லை. பெரிய வியாழன் ஆராதனையில் நம் போதகர் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒருவரும் கழுவியதில்லை. லான் அம்மா நம் மார்க்கத்தவர் அல்ல. அவர்கள் கடைச் சுவரில் புத்தர் படத்துக்கு ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் உதவி எந்தக் கையில் வந்ததோ அந்தக் கையைச் சொல்ல வேண்டும்.

பிறகு ஒரு கிண்ணத்தில் சூடாகக் கஞ்சி கொடுத்தார்கள். அரிசிக் கஞ்சி, கொஞ்சம் உப்பு, மேலே வெங்காயத்தாள். அப்படியே நம் வீட்டுக் கஞ்சி. குடிக்கக் குடிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. சூடு என்று நினைத்து அவர்கள் விசிறியால் வீசினார்கள். நான் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தேன். அறையின் ஜன்னல் மூடியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளத்து நாளில் அரிசி மூட்டையை எங்கே வைப்பார்கள்? ஊரிலேயே மேடான, ஈரம் அண்டாத இடத்தில்தானே. நெல் போட்டு, நெல் அறுத்து, நெல்லைக் காயவைத்தே வளர்ந்த குடும்பத்துப் பெண் நான். மூட்டையைக் கண்ணால் பார்த்தேன், எலியைப் பற்றி யோசித்தேன், மூட்டை ஏன் அங்கே இருக்கிறது என்று யோசிக்கவில்லை. தெருவைப் பார்த்த கண்ணுக்கு மூட்டை தெரியவில்லை.

கேட்க வாய் வரவில்லை. மூக்கைச் சுருக்கிவிட்டுப் போனவள் நான். ஆனாலும் பிள்ளையை நினைத்தேன். துயெனுக்குப் போன் போட்டு, அந்த மாடி அறை இன்னும் இருக்குமா என்று லான் அம்மாவிடம் கேட்கச் சொல்லிப் போனைக் கொடுத்தேன். இருவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். போன் என்னிடம் வந்தது. துயென் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அறை இருக்கிறதாம். ஆனால் லான் அம்மா ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார்களாம். முதலில் வந்தபோது ஏன் வேண்டாம் என்றாய், வீடு சுத்தமாக இல்லையா என்று.

தஞ்சாவூரில் அந்த ஏழு வீட்டில் ஒருவரிடம்கூட நான் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. பதில் தெரியும் என்பதால் கேட்கவில்லை. இன்றைக்கு அதே கேள்வி என் முன்னால் நிற்கிறது, பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். தூரம் என்று சொல்லியிருக்கலாம். மாடிப்படி செங்குத்து என்று சொல்லியிருக்கலாம். லான் அம்மாவின் கை இன்னும் ஈரமாகவே இருந்தது. என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

துயெனிடம் சொன்னேன். “வீடு சுத்தமாத்தான் இருந்துச்சு. நான் வீட்டைப் பாக்கல, தெருவைப் பாத்துட்டுப் போயிட்டேன். எங்க ஊர்ல என்னை அப்படித்தான் அனுப்பினாங்க. அதையே நானும் இவங்களுக்குப் பண்ணிட்டேன், மன்னிச்சிடச் சொல்லு.” இதை ஆங்கிலத்தில்தான் சொன்னேன். ஆனால் என் மனசில் தமிழில்தான் ஓடியது, அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

 துயென் போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, வியட்நாம் மொழியில் மெதுவாகச் சொன்னாள். லான் அம்மா கேட்டுக்கொண்டே அரிசிப் படியைத் துடைத்தார்கள்.  கடைசியில் ஒரு வரிதான் சொன்னார்கள். துயென் அதை எனக்குச் சொன்னாள். எல்லாரும் முதலில் தெருவைத்தான் பார்ப்பார்கள், இப்போது மேலே போய் வீட்டைப் பார் என்றார்களாம்.

மேலே போனேன். அறையின் இரண்டு பக்கமும் ஜன்னல். தரையைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. சுவரில் உள்ளங்கையை வைத்தேன், அதுவும் காய்ந்திருந்தது. அந்தச் சுவரில் நெற்றியை வைத்து ஸ்தோத்திரம் சொன்னேன். 

அந்த வாரமே லான் அம்மாவும் அவர்கள் வீட்டுக்காரரும் மூட்டைகளைக் கடையின் பின்பக்கம் பலகை அடித்து மாற்றினார்கள். அறையைக் கழுவி, இரண்டு நாள் ஜன்னலைத் திறந்து போட்டார்கள். சந்தில் நான் யார் என்று தெரியாதவர்கள் எல்லாம் வந்து ஆளுக்கொரு சாமான் தூக்கினார்கள். சத்தம் போட்டுப் பேசுகிறவர்கள் என்று நான் பயந்தது இவர்களைத்தான். அந்தச் சத்தம் ஷைனிக்கு இப்போது தாலாட்டு.

என் கணவரிடம் எல்லாவற்றையும் அன்றைக்குத்தான் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். முடிவில், “அரிசி மூட்டை இருந்த எடம்னு சொல்றியே, அப்பவே எடுத்திருக்க வேணாமா? நீயெல்லாம் விவசாயி பொண்டாட்டி” என்றார். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அவர் என்னைக் கிண்டல் பண்ணி நான் வாயை மூடிக்கொண்டது அன்று ஒரு தடவைதான்.

அக்டோபர் கடைசியில் இருவரும் வந்தார்கள். அவர் பையை இறக்குவதற்கு முன்னால் சுவரைத் தட்டிப் பார்த்தார், படியில் ஏறி இறங்கிப் பார்த்தார். பிறகு கீழே போய் லான் அம்மாவின் வீட்டுக்காரரோடு ஒவ்வொரு மூட்டையிலும் கையை விட்டு அரிசி எடுத்து, கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு இவர் மொழி தெரியாது. அரை மணி நேரம் பேசினார்கள். அந்த அமாவாசைக்கும் ரோட்டில் தண்ணீர் ஏறியது. சந்தின் முனையோடு நின்றுவிட்டது. நாங்கள் மூவரும் ஜன்னலில் நின்று பார்த்தோம்.

ஷைனிக்கு இளைப்பு அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இன்ஹேலர் இன்றைக்கும் அவள் பையில் இருக்கிறது. ஆனால் அங்கே போய் இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட நெபுலைசர் வைக்க வேண்டி வரவில்லை. நான் கேட்டது காய்ந்த இடம். கேட்டதைத் தந்தார். கேட்காத ஒன்றையும் சேர்த்துத் தந்தார். அது என்ன என்று எனக்கு இங்கே ஊருக்கு வந்த பிறகுதான் முழுசாகப் புரிந்தது.

போன வாரம் நடந்தது. போர்வெல் தண்ணீர் வைத்துக் குறுவை போடுகிற வீடுகளில் நடவு நடக்கிறது. வங்காளத்திலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். அவர்களில் ஆறு பேர், அதில் இருவர் பெண்கள், தலையில் மூட்டையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். தங்க இடம் கேட்டார்கள். ஏற்கெனவே ஊருக்குள் நான்கு வாசலில் கேட்டுவிட்டு வந்திருந்தார்கள். போன வருஷம் நான் வெளிநாட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தபோதும் இப்படி வேறு சிலர் வந்தார்கள். அப்போது நான் கதவைத் திறக்காமலே கையை ஆட்டி அனுப்பினேன். அந்தக் கையாட்டல் எனக்கு மறந்தே போயிருந்தது. வாங்கினதுதான் நினைவில் இருக்கும், கொடுத்தது இருக்காது போலிருக்கிறது.

எந்த ஊர் என்ற கேள்வி எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினேன். அவர்களில் ஒருவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். அவரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். பிறகு என் கணவரைப் பார்த்தேன். எங்கள் வீட்டிலேயே காய்ந்த இடம் தேங்காய் போட்டு வைக்கிற அறைதான். அவர் எழுந்து போய் அறையைத் திறந்து, தேங்காயை வெளியே எடுத்துப் போட ஆரம்பித்தார். ஷைனியும் இரண்டு இரண்டாகத் தூக்கி வந்தாள்.

அன்பான சபையாரே, வெளிநாடு போகிற நம் பிள்ளைகள் சிலர் என்னிடம் எந்த ஏரியாவில் வீடு பார்க்கலாம் என்று கேட்கிறார்கள். பக்கத்தில் இருக்கிறவர்களைக் கேளுங்கள், அரிசியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள் என்று சொல்கிறேன். அதோடு ஜெபியுங்கள் என்றும் சொல்கிறேன். பதிலை நீங்களே எழுதிக்கொண்டு போய் அவரிடம் நீட்டாமல், வெறுங்கையோடு போய்க் கேளுங்கள். இன்று வீட்டுக்காக, பிள்ளைக்காக, வேலைக்காகக் கலங்கிக்கொண்டிருக்கிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அவரை நம்புங்கள். நாம் கேட்ட தண்ணீரை விட்டுவிட்டு, நமக்கு வேண்டிய மேட்டை அவர் வைத்திருப்பார்.

எனக்கு ஏழு வாசல் மனப்பாடம். எங்கள் தேங்காய் அறையில் இன்று தூங்குகிறவர்களுக்கு நான்கு. ஐந்தாவதாக என் வாசல் சேர்ந்துவிடாமல் என்னைக் காத்தாரே, அதற்காகவே அவருக்கு ஸ்தோத்திரம்.